சகாயம் சாக்பீஸில் எழுதிய பதினைந்து பவுண்டு

1

இந்த வருடத்தோடு நான் பிரான்சுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. கேக் எதுவும் வெட்டவில்லை. வருடம் நிறைந்த அன்றும் வழக்கம்போல ஆறரைக்கு ரயிலைப் பிடித்து, பாரிசுக்கு வெளியே இருக்கும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறைக்குள் இறங்கினேன். மேலே ஐந்தாவது மாடியில் யாருக்கோ ரேடியேட்டர் சூடாகவில்லையாம். அழுத்தமானியைப் பார்த்தேன். ஒன்றரை பார் இருக்க வேண்டிய இடத்தில் முள் அரையில் படுத்திருந்தது. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, முள் ஒன்றரைக்கு வந்ததும் மூடினேன். இதுதான் அப்போது என் உத்தியோகம். புதுச்சேரியில் என் சொந்தக்காரர்கள் இதைத்தான் 'அருள் பிரான்சுல இன்ஜினியரா கீறாரு' என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நானும் ஒருநாளும் மறுத்ததில்லை.

நான் இங்கே வந்தது மூளையால் அல்ல, மனைவியால். அவளுடைய தாத்தா ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்கியவர். அந்தக் குடும்பத்தில் பெண்ணெடுத்த புண்ணியத்தில் எனக்கும் பாஸ்போர்ட் கிடைத்தது. அதைக் கையில் வாங்குவதற்குள் என் பெயரை மூன்று அலுவலகங்கள் மூன்று விதமாக எழுதின. ஓரிடத்தில் அப்பா பெயர் என் பெயராயிற்று. இன்னோரிடத்தில் என் பெயர் குடும்பப் பெயராயிற்று. மூன்றாம் இடத்தில் இருந்த அம்மாள், "இதில் எது நீங்கள்?" என்று கேட்டாள். பதினெட்டு வருடமாக நானும் அவர்களுக்கு அதைத்தான் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

2

அழுத்தத்தை அளக்க உலகத்தில் ஒரே பெயர் இருந்திருந்தால் இந்தக் குறிப்பை நான் எழுதியிருக்க மாட்டேன்.

நம் ஊரில் டயருக்குக் காற்றடிப்பவர் பவுண்டில் பேசுவார். புதுச்சேரிப் பக்கம் சேதராப்பட்டு பட்டறைகளில் எல்லாம் கிலோ. ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தின்மேல் ஒரு கிலோ எடை உட்கார்ந்தால் என்ன அழுத்தமோ, அது ஒரு கிலோ. இங்கே அது பார். ஒரு பார் என்பது ஒரு கிலோவை விட இம்மி அதிகம், பவுண்டில் சொன்னால் பதினாலரை. காகிதத்தில் எழுதும்போது மட்டும் பிரெஞ்சுக்காரர்களுக்கு பாஸ்கல் ஞாபகம் வந்துவிடும். அதையும் ஆயிரத்தால் பெருக்கிக் கிலோ பாஸ்கல், பத்து லட்சத்தால் பெருக்கி மெகா பாஸ்கல். உலகத்துக்கே அளவு கற்றுக்கொடுத்தது தாங்கள்தான் என்று நெஞ்சை நிமிர்த்தும் இந்த ஊரில், என்னோடு வேலை பார்க்கும் கிழட்டு மெக்கானிக் இன்றைக்கும் 'இரண்டு கிலோ' என்றுதான் சொல்கிறான். மேலதிகாரி வந்தால் மட்டும் 'இரண்டு பார்' என்று மாற்றிக்கொள்கிறான். அவர் படியேறிப் போனதும் மறுபடி கிலோ.

சேதராப்பட்டில் நான் வேலை பார்த்த பட்டறை வால்வுகளைச் சோதித்துக் கொடுக்கும் இடம். அங்கே என்னோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவன் சகாயம். ஒரே வயது, ஒரே கோயில், ஒரே டவுன் பஸ். எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் இருந்தது. அழுத்தமானிகள் கப்பல் உடைக்கிற இடத்திலிருந்தும் காயலான் கடையிலிருந்தும் வந்தவை. ஒன்று பவுண்டு காட்டும், ஒன்று கிலோ காட்டும், ஒன்று எதைக் காட்டுகிறது என்று செய்தவனுக்கே தெரியாது. அதனால் நீராவியோ காற்றோ ஏற்றும் எந்தக் கலத்தில் கைவைத்தாலும் முதலில் சாக்பீஸை எடுத்து, வைக்கப்போகும் அழுத்தத்தை அதன் வயிற்றிலேயே கிலோ, பார், பவுண்டு என்று மூன்று வரியாக எழுத வேண்டும். மூன்று பேர் ஆளுக்கொரு வரியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த மூன்றில் ஒன்றாவது, ஏற்கெனவே நமக்குத் தெரிந்த ஏதாவது ஒரு எண்ணோடு ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் ஸ்பேனரைத் தொடக்கூடாது.

நான் இதை அப்போதே கிண்டலடித்தேன். ஜெபமாலை சொல்லிவிட்டுத்தான் வால்வைத் திருப்புவீர்களா என்று கேட்பேன். இங்கே வந்து, ஒரே அலகு போட்ட பளபளப்பான அழுத்தமானிகளைப் பார்த்ததும் அந்த இளக்காரம் இன்னும் கூடியது. லீவில் ஊருக்குப் போனபோதெல்லாம் சகாயத்திடம், "இன்னும் சாக்பீஸ்தானா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறேன். அவனும் சிரித்தான்.

3

என் தங்கச்சி ரெஜினா உழவர்கரையில் இருக்கிறாள். ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில் பத்து வருடம் சமைத்தவள், போன வருடம் அதை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு இறால் தொக்கும் மட்டன் தொக்கும் செய்து பாட்டிலில் அடைக்கத் தொடங்கினாள். பாட்டில் கெடாமல் இருக்க வேண்டுமென்றால், மூடியபிறகு நூற்றிருபத்தொரு டிகிரி நீராவியில் வேகவைக்க வேண்டும். அதற்காக ஒரு பழைய கலத்தை வாங்கினாள். இடுப்பு உயரம், கனத்த மூடி, சுற்றிலும் திருகாணி. பார்த்தால் ராட்சத குக்கர். விற்றவன் எல்லாவற்றின்மேலும் பச்சை பெயின்ட் அடித்து மறைத்திருந்தான். அதிலிருந்த வெப்பமானி எப்போதோ செத்துப்போயிருந்தது. அழுத்தமானி ஒன்றுதான் உயிரோடு இருந்தது. ஆகவே சூட்டை அழுத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்தச் சூட்டுக்கு எந்த அழுத்தம் என்று என்னைக் கேட்டாள். கேட்காமல் இருந்திருந்தால் நான் கோபித்துக்கொண்டிருப்பேன். நான் பார்த்துக்கொள்ளும் கட்டடங்களில் ஒன்றில் ஒரு உணவுக்கூடம் இருக்கிறது. அங்கே சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் போட்டோ எடுத்தேன். நூற்றிருபத்தொரு டிகிரிக்கு நேராக இரண்டு சொச்சம் பார் என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரம் பார்த்து வீடியோவில் கூப்பிட்டேன். கொட்டகையில் ரெஜினாவும் சகாயமும் நின்றார்கள். நீராவி அளவுக்கு மேல் போனால் தானாகத் திறந்து வெளியே விடுகிற பாதுகாப்பு வால்வை அவன்தான் சரிசெய்து கொடுக்க வந்திருந்தான்.

"ரெண்டு பார்ல ஓட்டு. சேஃப்டி வால்வ ரெண்டே கால்ல தொறக்குற மாதிரி வை," என்றேன்.

சகாயம் சாக்பீஸை எடுத்து எழுத ஆரம்பித்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். மூன்றாவது வரியில் அவன் கை நின்றது.

"பவுண்டுல இருபத்தொம்போது வருது அருளு," என்றான். "வூட்டு குக்கரே நூத்தியிருவத்தொண்ணு டிகிரிதான். அதுக்குப் பதினஞ்சு பவுண்டுதான். எங்கியோ இடிக்குது."

"நான் குக்கர்ல சோறு ஆக்கச் சொல்லல. பிரான்சுல போட்ட அட்டவணைய பாத்துச் சொல்றேன்."

"அட்டவண செரியா இருக்கும். தெரிஞ்ச நம்பரோட ஒட்டலியே. ஒட்டலன்னா நான் எப்பிடிக் கை வெக்கிறது?"

"பவுண்டுல ஏன் மாத்துற? பார்னா பார்னு வையி. இன்னும் சேதராப்பட்டுலியே இருந்தா இப்பிடித்தான். முடியலன்னா சொல்லு, வேற ஆளப் பாத்துக்குறோம்."

இதைச் சொன்னது நான்தான். பதினெட்டு வருடம் ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட்டவன், அதே பதினெட்டு வருடம் வால்வோடு புழங்கியவனைப் பார்த்து, அவன் எதிரிலேயே, என் தங்கச்சி காதுபட.

ரெஜினா இரண்டு பேருக்கும் நடுவில் தவித்தாள். கடைசியில், "அண்ணா சொல்றபடியே செஞ்சுடுங்க சகாயம்ணா," என்றாள்.

"செரிம்மா," என்றான் அவன். "வால்வ பட்டறைக்கு எடுத்துட்டுப் போயி செட் பண்ணி புதங்கெழம கொண்டாரேன்." வால்வைக் கழற்றிச் சோற்று டப்பா வைக்கும் பையில் போட்டுக்கொண்டான். எனக்கு வெற்றி பெற்ற சந்தோஷம். அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

4

புதன்கிழமை எனக்குப் பரீட்சை. கொதிகலன்களைத் தொட அனுமதிக்கும் அட்டையைச் சில வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். காலாவதியானால் கொதிகலன் அறைக்குள் நுழையக்கூடாது. இதற்காக ஒரு நாள் வகுப்பு, நாற்பது கேள்வி, காகிதக் கோப்பையில் காபி. சொல்லிக்கொடுத்தவருக்கு என் மகள் வயதுக்கு மேல் நாலைந்து இருக்கும். கையில் கரி பட்டதற்கான அடையாளமே இல்லை. போன்களையெல்லாம் ஒரு கூடையில் போடச் சொன்னார்.

பதினேழாவது கேள்வி இது: திறந்து கிடக்கும் ஒரு தொட்டியின் அழுத்தமானி பூஜ்யம் காட்டுகிறது. உள்ளே இருக்கும் முழு அழுத்தம் எவ்வளவு?

பக்கத்தில் இருந்த இளைஞன் பூஜ்யம் என்று குறித்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். மனதுக்குள் சிரித்தேன். முள் பூஜ்யத்தில் நின்றால் உள்ளே ஒன்றுமில்லை என்று அர்த்தமா? நம் தலைமேல் இருக்கும் காற்று வெளியே எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு உள்ளேயும் இருக்கிறது. அது ஏறக்குறைய ஒரு பார். அழுத்தமானி அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதற்கு மேல் இருப்பதைத்தான் காட்டும். காற்றையும் சேர்த்து எண்ணினால் அது முழு அழுத்தம். இதுகூடத் தெரியாமல் இவனையெல்லாம் யார் வேலைக்கு எடுத்தது என்று நினைத்துக்கொண்டு, ஒன்று என்ற கட்டத்தில் அழுத்திப் பேனாவை வைத்தேன்.

பேனா அங்கேயே நின்றுவிட்டது. உணவுக்கூடத்துச் சுவரில் இருந்த அட்டவணை கண்முன்னால் வந்தது. 'பார்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எறும்பு அளவில் மூன்று எழுத்து இருந்தது. முழு அழுத்தம் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லின் முதல் மூன்று எழுத்து. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் படிக்கவில்லை.

அந்த இரண்டு பாரில் ஒன்று காற்றுடையது. ரெஜினாவின் அழுத்தமானியில் முள் ஒன்றில்தான் நிற்க வேண்டும். ஒரு பார் சொச்சம், பவுண்டில் பதினைந்து. குக்கரின் பதினைந்து. சகாயம் சொன்ன பதினைந்து. நான் சொன்ன கணக்கில் அந்தப் பழைய கலத்துக்குள் இரண்டு மடங்கு ஏறும். திறந்து காப்பாற்ற வேண்டிய பாதுகாப்பு வால்வும் இரண்டேகால்வரை வாயை மூடிக்கொண்டிருக்கும். மூடி பிய்த்துக்கொண்டு போனால் முதலில் நிற்பவள் ரெஜினா.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று. ஊரில் இரண்டரை. மூன்று மணிக்கு முதல் ஈடு போடுவதாக, மாலை கோயிலில் சகாய மாதா நவநாள் ஜெபத்துக்கு முன்னால் முடித்துவிடுவதாக, முந்தின நாள்தான் செய்தி அனுப்பியிருந்தாள்.

எழுந்து, ஒரு போன் பேச வேண்டும் என்றேன். பரீட்சை முடிந்தபிறகு பேசலாம் என்றார் சொல்லிக்கொடுத்த அந்தப் பையன். உயிர் போகிற விஷயம் என்றேன். அப்போதும் அவர் முகம் மாறவில்லை. வெளியே போனால் தாள் செல்லாது, விதி நான்கு என்று அட்டையைக் காட்டினார். அடுத்த பரீட்சை நான்கு மாதம் கழித்துத்தானாம். அதுவரை கொதிகலனைத் தொட முடியாது. ஒரே அழுத்தத்துக்கு நாலு பெயர் வைத்த தேசம் இதில் மட்டும் மிகத் தெளிவாக இருந்தது. கூடையைக் கவிழ்த்து என் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

5

ஒன்பது முறை அடித்தேன். எடுக்கவில்லை. அந்த இருபது நிமிடம் நடைபாதையில் நின்று என்னென்ன பிரார்த்தித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பத்து வருடமாகக் கோயில் பக்கம் போகாதவன்.

பத்தாவது முறை எடுத்தாள். பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"கையெல்லாம் மசாலாண்ணா. இன்னா இத்தினி தடவ?"

"ஈடு போட்டுட்டியா?"

"எங்க போடுறது. சகாயம் அண்ணா இன்னும் வால்வோட வரல, போனும் எடுக்கல. நீங்கதான வேற ஆளப் பாக்கலாம்னீங்க, அதான் பக்கத்துத் தெரு பம்பு மெக்கானிக்க கூப்ட்டேன். வால்வு இல்லன்னா இன்னா, அந்த ஓட்டைய பிளக்கு போட்டு அடச்சிடலாம், ரெண்டு பார் வந்ததும் கரண்ட ஆஃப் பண்ணிக்கலாம்ன்றாரு. டேப் சுத்திட்டு இருக்காரு."

அங்கேயே படியில் உட்கார்ந்தேன். பாதுகாப்பு வால்வே இல்லாமல் ஓட்டையையும் அடைத்து, இரண்டு பாருக்கு. எல்லாம் என் வாயிலிருந்து போனவை.

"ரெஜினா, அந்த ஆள வெளிய அனுப்பு. எதையும் தொடாத. சகாயம் வர்ற வரைக்கும் சுவிட்சு பக்கமே போவாத."

"ஏண்ணா, இன்னா ஆச்சு?"

"நான் சொன்னது தப்பு," என்றேன். அவள் மறுபடி கேட்டாள். மிக்ஸி சத்தத்தில் கேட்கவில்லை என்றாள். அதை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி சொன்னேன்.

மூன்றரைக்கு சகாயம் வந்தான். ஏன் தாமதம் என்று கேட்டதற்கு பஸ் வரவில்லை என்றான். வீடியோவில் என்னைக் காட்டச் சொன்னாள் ரெஜினா. நான் காற்றை மறந்த கதையைச் சொன்னேன். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். வால்வை எவ்வளவுக்கு வைத்திருக்கிறாய் என்றேன்.

"ஒண்ணு புள்ளி ரெண்டு கிலோ," என்றான். "நீ சொன்னத செய்யல. தெரிஞ்சேதான் செய்யல. மூணு நாள்ல ஒனக்கே ஒறைக்கும்னு பாத்தேன்."

"ஒறைக்காம போயிருந்தா?"

"வால்வு எங்கிட்டதான கீது. வால்வு இல்லாம எவன் ஓட்டப் போறான்னு நெனச்சேன்." பிளக் போட வந்த கதையை ரெஜினா சொன்னபோது அவன் முகம் செத்துப்போயிற்று. பிறகு பாக்கெட்டிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து, கலத்தின் அடிப்பக்கம் பச்சை பெயின்ட்டைச் சுரண்டினான். உள்ளே ஒரு தகடு இருந்தது. அதிகபட்ச வேலை அழுத்தம் ஒன்றரை கிலோ என்று பொறித்திருந்தது. அதைப் போனுக்கு நேராகக் காட்டினான். திட்டியிருந்தால் தேவலை.

வால்வை மாட்டியபிறகு சாக்பீஸை எடுத்தான். மூன்று வரி எழுதினான். கிலோவை அவன் சொன்னான். ஒன்று புள்ளி பூஜ்யம் மூன்று பார் என்று ரெஜினா சொன்னாள்.

"மூணாவது ஆளு நீதான்," என்றான் என்னிடம். "சொல்லு."

பாரிசுக்கு வெளியே ஒரு பயிற்சிக்கூடத்துப் படியில் உட்கார்ந்து, "பதினஞ்சு பவுண்டு," என்றேன். சத்தமாகச் சொல்லச் சொன்னான். சொன்னேன். அப்புறம்தான் சுவிட்சைப் போட்டார்கள்.

6

பரீட்சையில் நான் தோற்கவில்லை, 'வெளியேறியவர்' என்று எழுதியிருக்கிறார்கள். அட்டை காலாவதியாகிவிட்டது. இப்போது எனக்கு வேறு வேலை. ஒரு வாளியும் சின்னச் சாவியுமாக வீடு வீடாகப் போய் ரேடியேட்டரில் சிக்கிய காற்றைத் திறந்துவிடுவது. காற்றை மறந்தவனுக்கு இவர்கள் தெரிந்தே இந்தத் தண்டனையைக் கொடுத்திருக்க முடியாது. அந்த அளவுக்கு இவர்களுக்குப் புத்தி கிடையாது.

வீட்டில் கதையைச் சொன்னபோது மகள் கிளாரா காதிலிருந்த ஒயரை ஒரு பக்கம் மட்டும் கழற்றினாள். பதினாறு வயது. தமிழ் அவளுக்குப் புரியும், வாயில் வராது. "ரெஜினா அத்தை, அது யார், வீட்டில் நாய் இருக்கிறவரா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். நாய் வைத்திருப்பது வேறு அத்தை. முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த மனிதரிடம் மன்னிப்பு கேட்டாயா?" என்றாள். அவன் என் நண்பன், எங்களுக்குள் அதெல்லாம் கிடையாது என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு ஒயரை மறுபடி மாட்டிக்கொண்டாள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் மன்னிப்பு. மறுநாள் மத்தியானம் சகாயத்துக்குப் போன் செய்து கேட்டேன். "செரி செரி, சாப்ட்டியா?" என்றான்.

ரெஜினா கலத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். மூன்று வரிகளுக்கு மேலே, ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லி சகாயம் எழுதிய இரண்டு பாரும் இருந்தது. அடித்துவிட்டிருந்தார்கள், அழிக்கவில்லை. அழித்துவிடு என்று எழுதினேன். "கெடக்கட்டும்ணா," என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து புதன்கிழமைதோறும் ஊர் நேரம் மூன்று மணிக்கு எனக்குப் போன் வருகிறது. அவள் ஒரு வரி, உதவிக்கு வரும் பெண் ஒரு வரி, மூன்றாவது நான். யாருடைய வரவேற்பறையிலோ வாளியோடு மண்டியிட்டுக்கொண்டு, வீட்டுக்கார அம்மாள் வெறித்துப் பார்க்க, தமிழில் "பதினஞ்சு பவுண்டு" என்று சத்தமாகச் சொல்கிறேன். கேலிக்கூத்துதான். ஒருநாள் சொல்லியும் விட்டேன், இனிமேல் நான் எதற்கு, இன்னொருத்தியைச் சேர்த்துக்கொள் என்று. சரி என்றுதான் சொன்னாள்.

போன வாரம் ஒரு வீட்டில் வால்வு உடைந்து தரையெல்லாம் தண்ணீர். போன் அடித்ததைப் பார்க்கவில்லை. ஊரில் ஆறு மணி ஆகும்போதுதான் திரும்பக் கூப்பிட முடிந்தது. ஈடு முடிந்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள். கலத்தில் பாட்டில்களை அடுக்கி, மூடியைத் திருகி, உதவிக்கு வரும் பெண்ணோடும் புதிதாகச் சேர்த்த பெண்ணோடும் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். நவநாளுக்கும் போகவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அதான் கலத்துலியே கொட்ட எழுத்துல எழுதியிருக்குதே ரெஜினா. தப்பா சொன்னவனே நான்தான். எனக்காகவா காத்துனு இருப்ப?"

"எழுதித்தான் இருக்குது," என்றாள். "நீங்க இன்னும் சொல்லலியேண்ணா."

நான் சொன்னேன்.